விடுதி அறைச் சுவரில் பூஞ்சை: எந்த ஈரநீக்கி வாங்கலாம்?

புதிய விடுதி அறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை படர்கிறது. குழாய்க் கசிவு இல்லை. அறைக்குள் காயும் துணியின் ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் நீராகப் படிவதுதான் காரணம். ஈரப்பதம் 72 சதவீதம். 60-க்குக் கீழே இருக்க வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. நகர்த்தி, தினம் இருமுறை 15 நிமிடம் ஜன்னலைத் திறந்தும் 66-க்குக் கீழே இறங்கவில்லை.

10 சதுர மீட்டர் அறைக்கு கம்ப்ரசர் ஈரநீக்கியா (காற்றைக் குளிர்வித்து நீரைப் பிரிப்பது), உறிஞ்சி வகையா (ஈரத்தை உறிஞ்சும் பொருள் கொண்ட மின்கருவி)? 15 டிகிரிக்குக் கீழே முன்னதன் திறன் குறையும். பின்னது மின்சாரம் கூடுதலாக இழுக்கும். இரவில் ஓடவிட்டால் தூங்க முடியுமா? பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.