புதுப்பிப்பு: குடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஓர் இரவுத் திட்டம்

அப்பா குடிக்கிற வீட்டுப் பிள்ளைகளோடு எப்படிக் கதைப்பது என்று முன்பு எழுதியிருந்தோம். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து கூடுதலாக வந்த கேள்வி: "போத்தலை ஒளிச்சு வைக்கப் பிள்ளையிட்ட சொல்லலாமா?"

சொல்லவே வேண்டாம். அடி விழுவது பிள்ளைக்குத்தான். அதோடு, தினமும் சாராயமோ கசிப்போ (கள்ளச்சாராயம்) நிறையக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் உடம்பு நடுங்கி, இல்லாததைக் கண்டு பிதற்றலாம். உயிருக்கே ஆபத்து, உடனே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். "திருந்திட்டார்" என்று வீடு சந்தோசப்படும் நேரத்தில்தான் இது வரும். போத்தலை ஒளித்த பிள்ளை, தன்னால்தான் வந்தது என்று நெஞ்சில் சுமக்கும்.

பிள்ளைக்குத் தேவை ஓர் இரவுத் திட்டம். அம்மம்மாவோ பெரியம்மாவோ, நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு. பகலிலேயே கேட்டு வையுங்கள். ஒரு சோடிச் சீருடையும் கொப்பிகளும் அங்கேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடம் தவறிவிடும். சத்தம் கூடினால் தம்பி தங்கையோடு வெளியேறு, நடுவில் புகுந்து பிரிக்காதே, வெறியில் இருப்பவரின் மோட்டார் சைக்கிளில் ஏறாதே என்று சொல்லிப் பழக்குங்கள். சிறுவர் உதவிக்கு 1929, பொலிஸுக்கு 119, இரண்டும் மனப்பாடமாக வேண்டும்.

பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் "குடிக்கிறார்" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் திகதி அடி விழுந்தது, எந்த இரவு சோறில்லை, எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டு போங்கள்.