போனில் வீடியோ ஓடுகிறது, படம் மட்டும் ஏற மறுக்கிறது: கிராமத்துப் பட்டறைக்கு என்ன வழி?

தச்சுப்பட்டறை:
வணக்கம். கிராமத்தில் சின்னதாக ஒரு தச்சுப்பட்டறை நடத்துகிறேன். நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் செய்வோம். நேரில் வருகிறவர்களை மட்டும் நம்பி இனி ஓட்ட முடியாது என்று ஒரு விற்பனைத் தளத்தில் கணக்கு தொடங்கினேன். நெட் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. வீடியோகூட ஓடுகிறது. ஆனால் பொருளின் படங்களை ஏற்ற உட்கார்ந்தால் பாதியில் அறுந்துபோகிறது, மறுபடி முதல் படத்திலிருந்து தொடங்கச் சொல்கிறது. உள்ளே நுழைய ஓடிபி கேட்கிறார்கள், அது வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. ஆர்டர் வந்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாக அழுத்த வேண்டுமாம். அந்த நேரம் பார்த்து சிக்னல் போனால் ஆர்டர் ரத்து, விற்பனையாளர் மதிப்பெண்ணும் இறங்குகிறது. நகரத்தில் இதே தொழில் செய்யும் என் மச்சான் "ஆப்பை அப்டேட் பண்ணு" என்பதோடு நிறுத்திக்கொள்கிறான்.

புது போன் வாங்கினால் தீருமா? வேறு இணைப்பு எடுக்க வேண்டுமா? இல்லை, சொந்தமாக வெப்சைட் வைத்துவிடலாமா?

வேகப்பிரியன்:
நல்ல 5ஜி போன் ஒன்று வாங்கிவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

கோபுரக்காரன்:
மேலே சொன்ன நண்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த விஷயத்துக்கு 5ஜி போன் உதவாது. வேகமான 5ஜி பெரும்பாலும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ஓடுகிறது. அது அதிக தூரம் போகாது, சுவரையும் மரத்தையும் தாண்டத் திணறும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை வெகுதூரம் எட்டும், ஆனால் ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்த அதில் இடம் குறைவு. ஒரே டவரில் சுற்றுவட்டாரம் முழுக்கத் தொங்கும்போது மாலையில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

டவர் பராமரிப்பில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் சிக்கல் பதிவேற்றத்தில் இருக்கிறது. டவர் பல வாட் சக்தியில் உங்களிடம் பேசுகிறது. உங்கள் போன் அதற்குச் சுமார் 0.2 வாட்டில் பதில் சொல்ல வேண்டும். வீடியோ வருவதும் படம் போகாததும் அதனால்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்றைய போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்று வைத்துக்கொள்வோம், ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் அது 32 மெகாபிட். உங்கள் பதிவேற்ற வேகம் நொடிக்கு அரை மெகாபிட் என்றால், ஒரு படத்துக்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். 40 படம் ஏற்ற முக்கால் மணி நேரம், அதுவும் நடுவில் அறாமல் இருந்தால். அதே படத்தை 1600 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி 300 கேபி அளவுக்குக் கொண்டுவந்தால் ஐந்து நொடியில் போய்விடும். வாங்குகிறவர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. காசு செலவழிக்காமல் முதலில் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது, போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வரைகிறது. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'போனைப் பற்றி' பகுதிக்குள் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் என்று ஓர் எண் இருக்கும், சிக்னலின் பலத்தைக் காட்டும் அளவு அது. பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. 4ஜியில் கழித்தல் 90க்குள் இருந்தால் நல்லது, கழித்தல் 110ஐத் தாண்டினால் தொழிலுக்கு ஆகாது. பட்டறைக்குள்ளும் கூரை மேலும் நின்று பாருங்கள். கூரையில் நன்றாக இருந்தால், வெளி ஆன்டெனா பொருத்தும் வசதியுள்ள 4ஜி ரவுட்டரை வாங்கி, ஆன்டெனாவை டவர் பக்கம் திருப்பி வையுங்கள். சிக்னலைப் பெருக்கும் பூஸ்டர் என்று யாராவது விற்க வந்தால் யோசியுங்கள். பல நாடுகளில் அனுமதியில்லாமல் அதை வைப்பது குற்றம்.

நூலும்ஊசியும்:
நானும் கிராமத்திலிருந்து தையல் ஆர்டர் எடுக்கிறவள்தான். ஓடிபிக்கு ஒரு வழி: அந்தத் தளம் அனுமதித்தால், போனிலேயே 30 நொடிக்கு ஒருமுறை எண் உருவாக்கும் அங்கீகார ஆப்புக்கு மாறிவிடுங்கள். அதற்கு சிக்னலே தேவையில்லை, போனின் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். எஸ்எம்எஸ்ஸை மட்டும் கட்டாயமாக்கியிருக்கும் தளம் என்றால் ஒன்றும் செய்ய முடியாது. (வாடிக்கையாளருக்குத் தமிழில் எஸ்எம்எஸ் அனுப்புவதானால், ஒரு செய்தியில் 70 எழுத்துக்குறிதான். கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாக எண்ணப்படும். ஆங்கிலத்தில் 160. நம் மொழியில் தகவல் சொல்ல நாம் இரண்டு மடங்கு கட்டணம் கட்டுகிறோம்.)

வெப்சைட் இப்போது வேண்டாம் என்பேன். வைத்தாலும் பெயர், போன் எண், சுருக்கிய சில படங்கள் கொண்ட ஒரே பக்கம் போதும். சராசரிப் பக்கம் இப்போதெல்லாம் 2 எம்பியைத் தாண்டுகிறது. உங்கள் வாடிக்கையாளரில் பாதிப் பேர் உங்களைப் போன்ற இணைப்பில்தான் இருப்பார்கள், அவர்களுக்கு அது திறக்குமா? அதற்கு முன் கூகுள் மேப்பில் பட்டறையைப் பதிவு செய்யுங்கள், இலவசம்தான்.

ஆர்டரை உடனே ஏற்க வேண்டும் என்ற விதிதான் எனக்கு எரிச்சல். 2024இல் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு கொடுத்த கணக்குப்படி உலக அளவில் நகரவாசிகளில் 83 சதவீதம் பேர் இணையத்தில் இருந்தார்கள், கிராமத்தில் 48 சதவீதம். அந்த 48க்குள் உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார்கள். ஒரு படத்தை ஏற்ற முடியாதவரும் அந்தக் கணக்கில் 'இணைந்தவர்'. விற்பனைத் தளத்தில் 'கையிருப்பு இல்லை' என்று மாற்றும் வசதி இருக்கிறதா பாருங்கள். சிக்னல் மோசமான நேரத்தில் நான் அதைப் போட்டுவிடுவேன். சில ஆர்டர் போகும், மதிப்பெண் தப்பும்.

தச்சுப்பட்டறை:
இருவருக்கும் மிக்க நன்றி. பட்டறைக்குள் கழித்தல் 113, கூரையில் கழித்தல் 97. படத்தைச் சுருக்கியதும் ஏறுகிறது! கோபுரக்காரன் ஐயா, ஆன்டெனாவுக்குப் பதில் நேராக சாட்டிலைட் இணைப்பே எடுத்தால் என்ன? அப்புறம், ஃபைபர் (கண்ணாடி இழைக் கம்பி) இணைப்பு எங்கள் பக்கம் வரவே வராதா?

கோபுரக்காரன்:
கூரையில் கழித்தல் 97 என்றால் முதலில் ஆன்டெனா போதும். சாட்டிலைட்டில் இரண்டு வகை உண்டு. பழைய வகை சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது, ஒவ்வொரு கிளிக்குக்கும் அரை நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஸ்டார்லிங்க் போன்றவை சில நூறு கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றுவதால் அந்தத் தாமதம் இல்லை. ஆனால் வானம் மறைப்பில்லாமல் தெரிய வேண்டும், மின்சாரம் போனால் அதுவும் போகும்.

ஃபைபருக்குச் செலவெல்லாம் பள்ளம் தோண்டுவதில்தான், கம்பி மலிவு. வீடுகள் தள்ளித் தள்ளி இருப்பதால் கம்பெனிகள் வரத் தயங்குகின்றன. இங்கிலாந்தின் லங்காஷயர் கிராமங்களில் 2011இல் மக்களே பி4ஆர்என் என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். விவசாயிகள் தங்கள் நிலத்தின் வழியே இலவசமாகப் பாதை விட்டார்கள், ஊர்க்காரர்களே தோண்டினார்கள், நொடிக்கு ஒரு கிகாபிட் கிடைத்தது. ஒரு பட்டறையாகப் போய்க் கேட்டால் எந்தக் கம்பெனியும் திரும்பிப் பார்க்காது. பக்கத்தில் உள்ள பள்ளி, மருந்துக்கடை, அரிசி ஆலை என்று யார் யாருக்குத் தேவையோ அவர்களின் பட்டியலோடு போங்கள். பதிவேற்ற வேகம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது தரவிறக்க வேகம்.