சோர்லி மெக்லீன் கவிதையில் பாட்டு இருக்கிறதா?

ஒற்றளபெடை:
1911இல் ஸ்காட்லாந்தின் ராசே தீவில் பிறந்தவர் என்பதற்காகவே இந்த ஸ்காட்டிஷ் கேலிக் மொழிக் கவிஞரை நாட்டுப்பாட்டு மரபில் சேர்த்துவிடுகிறார்கள். குடும்பத்தில் பாட வராத ஆள் தான் மட்டுமே என்று சொன்னவர் அவர். 1943இல் வந்த, 'எமிர்' என்ற பெண்ணை நோக்கிய காதல் கவிதைகளுக்குள் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வருகிறது. எடின்பரோவில் ஆங்கில இலக்கியம் படித்த நவீனக் கவிஞர், அவ்வளவுதான்.

கடல்நாரை:
தொண்டையில் பாட்டு இல்லாவிட்டால் காதிலும் இருக்காதா? அப்பாவழிப் பாட்டியிடம் பழம்பாடல்கள் கேட்டு வளர்ந்தவர். ராசேயில் ஆளற்றுப்போன ஓர் ஊரைப் பற்றிய அவருடைய 'ஹாலைக்' கவிதையின் முதல் கண்ணியைப் பாருங்கள். இரண்டாம் வரி 'ஈயர்' (மேற்கு) என்று முடிகிறது, நான்காம் வரி 'ரீயவ்' (என்றுமே) என்று. கடைசி மெய் ஒத்துவரவில்லை, 'ஈய' என்ற உயிரொலிதான் ஒத்துவருகிறது. கேலிக் பாடல்களின் இயைபே இதுதான். அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இது காணாமல் போகிறது. அதை மட்டும் படித்தால் வசனம் மாதிரித்தான் தெரியும்.

ஒற்றளபெடை:
கேலிக் ஊர்களில் பெண்கள் கூடிக் கம்பளித் துணியைப் பலகையில் அடிக்கும்போது பாடிய பாட்டில் ஒரே உயிரொலி பல வரிகளுக்கு ஓடும். நடுவே நம்ம 'தன்னானே' போலப் பொருளில்லாத அசைகளைக் கூட்டம் பாடும். ஹாலைக்கில் இரண்டும் கிடையாதே?

கடல்நாரை:
அமைப்பை அப்படியே எடுத்தார் என்று யார் சொன்னது? தாளத்தைச் சொல்கிறேன். பலரும் அசையை எண்ணித்தான் சறுக்குகிறார்கள். வரிக்கு ஏழு அசை என்பதெல்லாம் பழைய அவைப்புலவர் கணக்கு. பாட்டில் எண்ண வேண்டியது அழுத்தம். கேலிக்கில் அது பெரும்பாலும் சொல்லின் முதல் அசையில் விழும். ஹாலைக்கின் முதல் வரியில் பலகை, ஆணி, சன்னல் என்ற மூன்று சொற்கள் தொடங்கும் இடத்தில் விரலால் தட்டுங்கள். முதல் இரண்டிலும் நெடில், அங்கே நீட்டுங்கள். இடையில் வரும் சின்னச் சொற்களை விழுங்குங்கள். எல்லா அசைக்கும் சமநேரம் கொடுத்தால் வரி செத்துவிடும்.

வெறும்வாசகன்:
தேவாலயத்தை இருவருமே விட்டுவிட்டீர்கள். அவர் வளர்ந்த ஃப்ரீ பிரெஸ்பிடீரியன் சபையில் வாத்தியமே கிடையாது. முன்பாடகர் பைபிளின் சங்கீத (psalm) வரியை எடுத்துக் கொடுப்பார், சபையார் ஆளுக்கொரு அசைவு சேர்த்து இழுத்துப் பாடுவார்கள். மெக்லீன் வாசித்த ஒலிப்பதிவில் நெடில்கள் நீளும் விதம் அங்கிருந்துதான் வருகிறது.

ஒற்றளபெடை:
ஒலிப்பதிவில் நெடில் நீள்வது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சங்கீதப் பாட்டில் நிலையான தாளம் கிடையாது, ஆளாளுக்கு முன்னே பின்னே போவார்கள். கடல்நாரை தட்டச் சொன்ன மூன்று தட்டை அங்கே எங்கே வைப்பீர்கள்? முதலில் நீங்கள் இருவரும் பேசி முடிவுக்கு வாருங்கள்.