எல்லாம் கர்த்தருடைய சித்தமா?

கேள்வி (கிளிநொச்சி):
2009 இல் மாத்தளனில் தம்பியை எறிகணைக்குப் பறிகொடுத்தேன். "கர்த்தருடைய சித்தம்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. மனிதருக்குச் சுதந்திரம் கொடுத்ததால் நாளை நடப்பது கடவுளுக்கே முழுதாகத் தீர்மானமாகவில்லை, அந்த ஆபத்தை அவர் விரும்பி ஏற்றார் என்கிறார் அமெரிக்க இறையியலாளர் ஜோன் சாண்டர்ஸ். இது வேதத்துக்கு ஒத்ததா?

பதில் (முல்லைத்தீவு):
அண்ணா, ஆதியாகமம் 22:12 இல் மகனைப் பலியிடத் துணிந்த ஆபிரகாமிடம் கடவுள் "நீ தேவனுக்குப் பயப்படுகிறவன் என்று இப்பொழுது அறிந்திருக்கிறேன்" என்கிறார். 6:6 இல் மனிதனை உண்டாக்கியதற்காக மனம் நோகிறார். எல்லாம் முன்பே முடிவானதென்றால் அந்த நோவு எதற்கு? 2003 இல் அமெரிக்க சுவிசேஷ இறையியல் சங்கம் சாண்டர்ஸையும் அதே கருத்துள்ள இறையியலாளர் கிளார்க் பின்னொக்கையும் உறுப்புரிமையிலிருந்து நீக்குவதா என்று வாக்கெடுத்தது, இருவரும் நீக்கப்படவில்லை.

பதில் (மடு):
ஏசாயா 46:10 முடிவைத் தொடக்கத்திலேயே அறிவிக்கிறவரைக் காட்டுகிறது. நாளையை அறியாதவரிடம் பிள்ளைகளை எப்படி ஒப்படைப்பேன்? முன்னறிவது வேறு, செய்விப்பது வேறு. எந்தச் சூழலில் யார் எதைச் சுயமாகத் தெரிவுசெய்வார் என்பதையும் கடவுள் அறிகிறார் என்று 16 ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபைக் குரு மொலினா விளக்கினார்.

கேட்டவர்:
அக்கா, அறிந்தும் விட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் கடினம். சிலுவைக்கு முன் கெத்செமனேயில் துன்பப் பாத்திரம் நீங்கும்படி இயேசுவே கேட்டாரே, வேறு வழி உண்மையாகவே திறந்திருந்ததா? இதற்கு மொலினாவின் வழியில் என்ன சொல்வீர்கள்?