பூசைக் கிண்ணம் செஞ்சு பார்த்தவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

மறைக்கல்வி டீச்சர், நாகர்கோவில் பக்கம்:

போன பெரிய வியாழனுக்கு எங்க பிள்ளைங்க, ஆண்டவர் இயேசு பாடுபடறதுக்கு முந்தின ராத்திரி சீடரோட சாப்பிட்ட கடைசி இராவுணவுக் காட்சி போட்டாங்க. அதுக்கு, பூசையில சாமியார் திராட்சை இரசம் ஊத்தற கிண்ணம் மாதிரி ஒண்ணு செய்யற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு. கோவில் கிண்ணத்தை நாடகத்துக்குக் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. டி.வி. வந்த பெட்டியில இருந்த தெர்மாக்கோலை எடுத்து, பிளேடால சீவி, மேல கிண்ணம், நடுவுல தண்டு, கீழ பாதம்னு மூணு துண்டா ஒட்டினேன். ரெண்டு ராத்திரி வேலை. வீடு முழுக்க வெள்ளைப் பொடி.

மூணாம் நாள் மொட்டைமாடியில வெச்சு கோல்டு ஸ்ப்ரே அடிச்சேன். முதல்ல தகதகன்னு இருந்துச்சு. ஒரு நிமிஷம்கூட ஆகல, விளிம்புல குழி குழியா விழ ஆரம்பிச்சுது. நான் பார்த்துட்டு இருக்கும்போதே கரையான் அரிச்ச மாதிரி உள்வாங்கிப் போச்சு. பெயிண்ட்ல இருக்கற கரைப்பான் தெர்மாக்கோலைத் தின்னுடும்னு அப்புறம்தான் சொன்னாங்க. அன்னைக்கு மேடையில ஆண்டவர் கையில எவர்சில்வர் டம்ளர்.

இந்த வருஷம் புதுநன்மை, அதான் பூசையில முதல் தடவையா நற்கருணை அப்பம், வாங்கற பிள்ளைங்களுக்குப் பாகம் பாகமா காட்டிச் சொல்லிக்கொடுக்க ஒண்ணு வேணும். உங்களுக்கு எது சரியா வந்துச்சு?

பாஸ்கா (இயேசுவோட பாடுகள்) நாடகக்காரன், திண்டுக்கல் பக்கம்:

டீச்சர், தெர்மாக்கோல் தப்பில்ல. ஃபெவிகாலைத் தண்ணி விட்டுக் கரைச்சு, பேப்பரைத் துண்டு துண்டாக் கிழிச்சு மூணு அடுக்கு ஒட்டிக் காயவெச்ச பிறகு பெயிண்ட் அடிச்சிருந்தா நின்னிருக்கும். ஒரு இடத்துல இடுக்கு விட்டாலும் அது வழியா பெயிண்ட் உள்ள போயிடும், அதுதான் சங்கடம்.

நான் கொட்டாங்கச்சிக் கட்சி. கண்ணு இல்லாத பாதி மேல கிண்ணம், கண்ணு இருக்கற பாதியைக் கவுத்தா பாதம். நாரை உடைஞ்ச கண்ணாடிச் சில்லால சுரண்டிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். பொறுமை வேணும், அரை நாள் ஓடிடும். தண்டுக்கு உடைஞ்ச நாற்காலியோட கடைசல் துண்டு. அதுல இயல்பாவே ஒரு குமிழ் இருக்கும். அந்தக் குமிழை விட்டுடாதீங்க. கடைசி வரிசையில உக்காந்திருக்கற பாட்டிக்குத் தங்கமா பித்தளையான்னெல்லாம் தெரியாது. நடுவுல குமிழ் இருந்தாத்தான் அது பூசைக் கிண்ணம், இல்லாட்டி ஐஸ்கிரீம் கப்பு.

முதல் தடவை நான் சோம்பேறித்தனமா, பாதத்துல மெத்துன்னு இருக்கற கண்ணைக் குத்தி அது வழியாவே திருகாணி விட்டேன். அந்தக் கண்ணு நடு மையத்துல இல்லைங்கறதை யோசிக்கல. கிண்ணம் ஒருக்களிச்சு நின்னுச்சு. சீடரா நடிச்ச பசங்க அதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாம தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, ஜனங்க அதைப் பக்தின்னு நெனச்சுட்டாங்க. மையத்துல தனியா துளை போடுங்க. பாதத்துக்குள்ள மணலும் சிமென்ட்டும் குழைச்சு ரொப்புங்க. கனம் கீழ இருந்தாத்தான் மேசைத்துணி இழுபட்டாலும் சாயாது.

ஜிகினாத்தாள் மட்டும் வேண்டாம். மேடை லைட்டுல கண்ணைக் கூசும். கோல்டு பெயிண்ட் காய்ஞ்சதும் பிரவுன் ஷூ பாலிஷைத் துணியில தொட்டு லேசாத் தேய்ச்சுத் துடைச்சுட்டா, பழைய பொருள் மாதிரி ஆயிடும்.

மன்னாரில இருந்து ஒரு அக்கா:

நாங்கள் தெர்மாக்கோலை ரெஜிபோம் எண்டு சொல்லுவம். ஸ்பிரே அடிச்சு உருகின கதை எங்கட வீட்டிலயும் இருக்கு. கொட்டாங்கச்சி, நாங்கள் சிரட்டை எண்டு சொல்லுறது, நல்ல யோசனை.

நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க தங்கப் பெயின்ற் வாங்க வழியில்லை. அம்மா பால்மா பைக்கற்றை வெட்டி, உள்ளுக்கு இருக்கிற வெள்ளித் தாளைக் கழுவித் துடைச்சு, கிண்ணத்தில சுருக்கமில்லாமல் ஒட்டினவா. பிறகு மஞ்சள்தூளை ஸ்பிரிற்றில ஊறவைச்சு வடிச்சு, அந்தச் சாற்றை வார்னிஷில கலந்து மேல பூசினவா. வெள்ளி அப்பிடியே பொன்னா மாறினதை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தனான். வெயில் படுற இடத்தில மட்டும் வையாதேங்கோ, மஞ்சள் வெளிறிப் போகும். எங்கட கிண்ணம் யன்னல் பக்கம் ஒரு நிறம், மற்றப் பக்கம் ஒரு நிறமா நிண்டது.

கோவில் சாமான் அறையில ரொம்ப வருஷம் இருந்தவன்:

எல்லாம் அழகு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். போன மாசம் ஒருத்தர், கையால செஞ்ச மண் கிண்ணத்தைக் கொண்டுவந்து, இதுலயே பூசை வைக்கலாமான்னு கேட்டார். முடியாதுங்க. திராட்சை இரசம் ஊத்தற பாகம் ஈரத்தை உறிஞ்சக் கூடாது. கண்ணாடி, மண் மாதிரி சுலபமா உடையற பொருளும் கூடாதுன்னு 2004-ல ரோமாபுரி எழுத்துலயே கொடுத்திருக்கு. துருப்பிடிக்கற உலோகம்னா உள்பக்கம் பொன்முலாம் பூசணும். அந்த விதியைப் பார்த்தா பேப்பரும் கொட்டாங்கச்சியும் காட்சிக்கு மட்டும்தான்.

ஆனா திண்டுக்கல் தம்பி சொன்ன வேலையைப் படிச்சதும் எனக்கு ஸ்பெயின்ல வலென்சியா பேராலயத்துல இருக்கற கிண்ணம்தான் ஞாபகம் வந்துச்சு. ஆண்டவர் பயன்படுத்தினதுன்னு காலங்காலமா நம்பி வணங்கற கிண்ணம். 17 செ.மீ. உயரம்தான். மேல அகேட்ங்கற மணிக்கல்லுல ஒரு கிண்ணம், கீழ வேற ஒரு கல் பாத்திரத்தைக் கவுத்து வெச்சிருக்காங்க. ரெண்டையும் சேர்க்கற பொன் தண்டும் கைப்பிடியும் பின்னால வந்தது. 2006-ல பாப்பரசர் 16-ம் பெனடிக்ட் அதுலதான் பூசை வெச்சார். ஒண்ணு நிமிர்த்தி, ஒண்ணு கவுத்தி. தம்பி அதைப் பார்த்துச் செஞ்சாரான்னு கேக்கணும்.

பாஸ்கா நாடகக்காரன்:

சத்தியமா இல்லைங்கய்யா. எங்க வீட்டுல அன்னைக்குத் தேங்காய்ச் சட்னி.

மறைக்கல்வி டீச்சர்:

செஞ்சாச்சு! தண்டுக்கு உடைஞ்ச சப்பாத்திக்கட்டையோட கைப்பிடி. குமிழைச் சுத்தி அறுந்துபோன பாசிமணி ஒரு வரிசை. சிமென்ட் ரொப்பினதுல நல்ல கனம், மேசையைத் தட்டினாலும் அசையல. இன்னைக்கு வகுப்புல பாகம் பாகமா காட்டினேன், எல்லாம் கவனமாக் கேட்டாங்க. முன்வரிசையில ஒரு வாண்டு மட்டும் பாதத்தையே பார்த்துட்டு இருந்துச்சு. "என்னடா?"ன்னு கேட்டேன். "டீச்சர், இது நம்மளைப் பார்க்குது"ன்னான்.

கொட்டாங்கச்சிக் கண்ணை அடைக்க மறந்துட்டேன். எம்-சீல் போட்டுட்டு மறுபடியும் பெயிண்ட் அடிக்கணும்.