தையல்சிட்டுக் கூட்டுப் படம்: அந்த இலையை விலக்கியது யார்?

வேலியோரம்:
நேற்று நீளக்கண் போட்ட தையல்சிட்டுப் படத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. “கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்தாலும் பறவைக்கு ஒன்றும் ஆகாது” என்று கீழே எழுதியும் வைத்திருக்கிறார். மூன்று குஞ்சுகளின் வாயும் பளிச்சென்று தெரிகின்றன. இலையின் ஓரத்தில் அலகால் துளை போட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து, உள்ளே இருப்பது தெரியாமல் மறைத்துத் தைக்கிற பறவை அது. அந்தக் கூட்டுக்குள் இவ்வளவு வெயில் எப்படி வந்தது? மேல் இலையை விலக்கியிருக்கிறீர்கள்.

நீளக்கண்:
காற்றில் இலை தானாக விலகியது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் 600 எம்எம் லென்ஸில், ஜன்னலுக்குள் நின்று எடுத்த படம். வயிற்றெரிச்சலுக்கு என்னிடம் மருந்து இல்லை.

வேலியோரம்:
காற்றில் விலகிய இலை நான்கு படத்திலும் ஒரே இடத்திலா நிற்கும்? இடது ஓரத்தில் காம்போடு ஒரு வெள்ளை நூல் தெரிகிறதே, அது என்ன?

நீளக்கண்:
பறவை தைத்த நூல்தான். பெயரே தையல்சிட்டு, சார்.

வேலியோரம்:
பறவை முடிச்சுப் போடாது. துளைக்கு வெளியே பஞ்சு பிசிறாக உப்பி நிற்கும், அந்தப் பிடியில்தான் தையல் நிற்கிறது. படத்தில் இருப்பது முடிச்சு. பெரிதாக்கிப் பாருங்கள்.

சுள்ளிக்காடு:
1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில், பறவைக் கூட்டைத் தொந்தரவு செய்வதும் ‘வேட்டை’ என்பதற்குள்தான் வருகிறது. நீளக்கண் அண்ணன் அதையும் படிக்கலாம்.

நீளக்கண்:
என் வீட்டுச் செம்பருத்தி, என் கேமரா. வேட்டையாம்! போன பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் சாம்பல் கதிர்க்குருவியைத் தையல்சிட்டு என்று பதிவு செய்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

சுள்ளிக்காடு:
அதை அன்றைக்கே திருத்திவிட்டேன். நீங்கள் கைப்பேசியில் தேன்சிட்டின் குரல் பதிவை ஒலிக்கவிட்டு அதை வரவழைத்து எடுத்ததைப் பேசலாமா? ஆண் பறவை எதிரி வந்துவிட்டது என்று இரையை விட்டுவிட்டு அலைந்தது. குழுவில் எல்லோரும் பார்த்தோம்.

மைனாக்கூட்டம்:
குரல் போடுவது எல்லோரும் செய்வதுதானே? இப்படி நாலு படம் பார்த்தால்தான் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும். நல்ல படம் தம்பி, விடாதே.

வேலியோரம்:
ஆர்வம் வருவதற்குக் கூட்டைத் திறக்க வேண்டாம். தொட்டித் தண்ணீருக்கும் தேனுக்கும் வரும் பறவையை எடுக்கட்டும், வாலை நிமிர்த்திக்கொண்டு கத்துகிற சிட்டை எடுக்கட்டும், யார் தடுத்தது? இலை விலகினால் காக்கைக்கும் செம்போத்துக்கும் வழி தெரிந்துவிடும். வெயிலில் குஞ்சு காயும். முட்டை பொரிக்கவே ஏறத்தாழ பன்னிரண்டு நாள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம் என்று உழைக்கிற பறவை அது. கூட்டுப் படங்களைப் பல போட்டிகளில் ஏற்பதே இல்லை. இன்னும் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. நூலைக் கட்டியது யார்?

நீளக்கண்:
போட்டிக்கு அனுப்புகிறேன் என்று நான் சொன்னேனா? இலை காற்றில்தான் விலகியது.

மைனாக்கூட்டம்:
ஒரு நூலுக்கு இத்தனை ரகளையா?

வேலியோரம்:
ஆமாம், அந்த நூலுக்குத்தான். அசல் கோப்பைச் சுருக்காமல், வெட்டாமல் போடுங்கள். முடிச்சு இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

நீளக்கண்:
உங்களுக்கு நான் கோப்புக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. நாளை அடுத்த படம் வரும்.

சுள்ளிக்காடு:
அப்போது எந்த இலையை விலக்குவீர்கள்?