1918 வெள்ளி ரூபாயின் விளிம்பில் மேடு: அச்சுப் பிழையா, பிற்பாடு வந்த சேதமா?

திண்டுக்கல் வாணி:
வணக்கம். அம்மாச்சியின் பெட்டியில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. 1918ஆம் வருடக் காசு. மன்னரின் கிரீடத்துக்கு நேர் மேலே, விளிம்பை ஒட்டி அரிசி அளவுக்கு ஒரு மேடு. அந்த இடத்தில் விளிம்பு வரிகளே தெரியவில்லை. மன்னரின் முகம் வழவழவென்று தேய்ந்துவிட்டது. ஆனால் பின்பக்கம் பூவேலையும் எழுத்தும் பளிச்சென்று இருக்கின்றன. இடமும் வலமும் விளிம்பில் சின்னச் சின்ன நசுங்கல். நகைக்கடைத் தராசில் 11.79 கிராம். பழங்காசு வாங்கி விற்கும் ஒருவர், "அச்சு உடைந்து வந்த அபூர்வக் காசு, நல்ல விலை போகும்" என்கிறார். நம்பலாமா?

நாணயத் தேடல்:
காசு அடிக்கும் அச்சின் ஓரம் உடைந்து விழுந்தால் இப்படி மேடு வருவது உண்மைதான். அடிக்கும்போது வெள்ளி அந்தப் பள்ளத்துக்குள் ஏறிவிடும். மேட்டுக்கு நேர் பின்னால் மறுபக்கத்தில் மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளி இந்தப் பக்கம் போய்விடுவதால் அங்கே சரியாகப் பதியாது.

பட்டறை மகன்:
சகோதரி, எடையே பாதி பதிலைச் சொல்லிவிட்டது. இந்த ரூபாயின் முறையான எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. முகம் தேய்ந்த காசு அதைவிடக் குறையத்தான் வேண்டும். கூடியிருக்கிறது என்றால் வெளியிலிருந்து உலோகம் சேர்ந்திருக்கிறது. அச்சு உடைந்தால் வெள்ளி இடம் மாறுமே தவிர எடை ஏறாது.

அப்பா வெள்ளிப் பட்டறை வைத்திருந்தவர், இந்த மாதிரிக் காசுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இது பொடி வைத்து ஊதிய இடம். காசில் வளையம் பற்றவைக்க வெங்காரம் (போராக்ஸ் உப்பு) தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதுவார்கள். பொடி என்பது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்தது. காசு உருகும் சூட்டுக்கு முன்பே அது உருகி, விளிம்பு வரிகளுக்குள் ஓடி நிரம்பிவிடும். பிற்பாடு யாரோ வளையத்தை அறுத்து எடுத்திருக்கிறார்கள், பொடி மட்டும் ஒட்டி நிற்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: மேடு லேசாக மஞ்சளடிக்கும், மேலே அரத்தின் கீறல் ஒரே திசையில் ஓடும். சுற்றிலும் சாம்பலும் ஊதாவும் கலந்த கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம். இந்தக் காசில் 91.7 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. நெருப்புப் பட்டால் அந்தச் செம்பு மேல்தோலுக்கு அடியில் கறுத்துப் போகும், லேசில் போகாது.

முகம் மட்டும் தேய்ந்ததற்குக் காரணம், அந்தப் பக்கம் உடம்பில் உராய்ந்தபடி கிடந்ததுதான். எனக்கு ரொம்பப் பிடித்த தடயம் அந்த நசுங்கல்கள். தனியாகத் தொங்கிய காசில் இடமும் வலமும் ஒரே மாதிரி நசுங்குவது கஷ்டம். பக்கத்துக் காசுகள் இடித்திருக்கின்றன. காசு மாலையில் இருந்து பிரித்த காசு என்றே நினைக்கிறேன்.

திண்டுக்கல் வாணி:
லென்ஸ் வைத்துப் பார்த்தேன் அண்ணா. மஞ்சள் சாயல் இருக்கிறது, அரக் கீறலும் இருக்கிறது. மறுபக்கம் எதுவும் மங்கவில்லை. அம்மாவிடம் கேட்டதில், அம்மாச்சிக்கு வெள்ளிக் காசு மாலை ஒன்று இருந்ததாம். மகள்களுக்குப் பங்கு வைத்தபோது பிரித்துவிட்டார்களாம்! அந்த மேட்டை ராவி எடுத்துவிடலாமா?

பட்டறை மகன்:
தயவுசெய்து வேண்டாம். ராவினால் பொடியோடு விளிம்பும் போய்விடும். புளி, பல்பொடி போட்டும் தேய்க்காதீர்கள். சேகரிப்பவர்கள் பொடி வைத்த காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் பெரிதாகத் தர மாட்டார்கள், அதனால் விற்கும் எண்ணத்தை விடுங்கள். பெரியம்மா, சித்தி வீடுகளில் இருக்கும் காசுகளை வாங்கிப் பாருங்கள். அவற்றிலும் கிரீடத்துக்கு மேலேயே பொடி இருந்து, முகமும் இதே போலத் தேய்ந்திருந்தால், எல்லாம் அந்த மாலைக் காசுகளாகத்தான் இருக்க வேண்டும். படம் எடுத்துப் போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.